கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னவர்கள்

தொழிற்சாலை முதலுதவி அறைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பயந்துவிடாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை. காயத்துக்குக் கட்டு எப்படிப் போடுவது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மறந்துபோனால் கைப்பேசியில் வீடியோ இருக்கிறது. ஆனால் எந்த வீடியோவிலும் கூட்டம் இருக்காது. நீங்கள் கட்டுப் போடும்போது சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்கிற கூட்டம். உங்களைவிடப் பெரிய பதவியில் இருப்பவர்களும், அடிபட்டவன்மேல் உங்களைவிட அதிகப் பாசம் வைத்திருப்பவர்களும் இருக்கிற கூட்டம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வடசென்னைக் கொருக்குப்பேட்டைக்காரி. ரயில்வே கேட் மூடியிருந்தால் குனிந்து நுழைந்து போகிற ஜனங்களோடு வளர்ந்தவள். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி, குரல் கொஞ்சம் அதிகம். நர்ஸ் வேலைக்கு இரண்டுமே ஆகாது என்று படிக்கும்போது திட்டு வாங்கியிருக்கிறேன். சாத்தாங்காட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் குரல் உதவியது. இரும்பு மார்க்கெட்டை ஒட்டி ஒரு பெரிய யார்டு. அங்கே கிரேன் ஒரு பக்கம் கத்தும், தகடு வெட்டும் மிஷின் ஒரு பக்கம் கத்தும், நடுவில் மெதுவாகப் பேசுகிறவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்த யார்டின் முதலுதவி அறை என் பொறுப்பில் இருந்தது.

யார்டுக்குத் துறைமுகத்திலிருந்து காயில் காயிலாகத் தகடு வரும். காயில் என்பது பாயைச் சுருட்டி வைத்ததுபோல் சுருட்டிய இரும்புத் தகடு, ஓர் ஆள் உயரம் நிற்கும். அது பிரிந்துவிடாமலிருக்கச் சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தப் பட்டையை வெட்டினால் சும்மா கீழே விழாது. உள்ளே அடக்கி வைத்திருக்கும் வேகத்தோடு வீசிக்கொண்டு வரும். ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். பட்டை வெட்டுகிறவர்கள் முழங்கை வரைக்கும் தடித்த உறை போட்டுக்கொள்வார்கள். முழங்கைக்கு மேலே வெறும் சட்டைதான்.

எங்கள் யார்டில் பட்டை வெட்டுவதில் கெட்டிக்காரர் தேசிங்கு. திருவொற்றியூர்க் குப்பத்து ஆள். அப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகு ஏறினால் வாந்தி வரும். அதனால் இரும்புக்கு வந்துவிட்டார். இதைச் சொல்லி அவரை யாரும் கேலி செய்துவிட முடியாது, அவரே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார். அவருக்கும் மற்ற எல்லோருக்கும் மேஸ்திரி காதர் பாய். தண்டையார்பேட்டைக்காரர், மலை மாதிரி உடம்பு. முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அங்கே இருக்கிறவர். அவர் சொல்லாமல் யார்டில் ஒரு கட்டையைக்கூட யாரும் நகர்த்த மாட்டார்கள்.

முதலில் கட்டு வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றது புரியாது.

நான் போனபோது முதலுதவிப் பெட்டியில் பஞ்சும், சிவப்பு மருந்தும், கிரேப் பேண்டேஜும் இருந்தன. கால் சுளுக்குக்குச் சுற்றுகிற துணியை வைத்துக்கொண்டு இரும்பு வெட்டிய காயத்தை என்ன செய்வது? பிரஷர் பேண்டேஜ் வேண்டும் என்று நச்சரித்தேன். அகலமான எலாஸ்டிக் பட்டை, ஒரு முனையில் தடித்த மெத்தை, மெத்தையின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி. பட்டையைக் கொக்கியில் மாட்டித் திருப்பி எதிர்ப்பக்கம் இழுத்தால் அந்தக் கொக்கி மெத்தையைக் காயத்தின்மேல் அமுக்கும். நம் கை செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது, கை ஓய்ந்தாலும் அது ஓயாது, அவ்வளவுதான் விஷயம். நச்சரிப்பு தாங்காமல் ஆபீஸில் சரி என்றார்கள். ஒரு விற்பனைப் பையன் மூன்று வகை கொண்டுவந்தான். நல்ல பையன்தான். டை கட்டியிருந்தான், வேர்த்து ஊற்றியது.

அவன் படம் போட்ட தாளை நீட்டினான். நான் வாங்கவில்லை. தேசிங்கைக் கூப்பிட்டு, வேலை செய்கிற கையுறையோடு, அதில் இருக்கிற கிரீஸோடு, ஒவ்வொரு கட்டின் உறையையும் பிரிக்கச் சொன்னேன். முதல் உறை வழுக்கி வழுக்கிப் போனது.

"பல்லால கடிச்சா ஈஸியா வந்துடும் மேடம்" என்றான் பையன்.

"வாயில மாவா போட்டுகினு கீறேன் நைனா, கடிச்சா கட்டு நாறிப் பூடும்" என்றார் தேசிங்கு. மாவா என்றால் வாயில் அடக்குகிற புகையிலைப் பாக்கு. அந்த வகை அங்கேயே கழிந்தது.

மீதி இரண்டில் ஒன்று நீளம் குறைவு, ஒன்று நீளம் அதிகம். குட்டையானதே போதும், எல்லா இடத்திலும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றான் பையன். கட்டு வாங்கும்போது எல்லோரும் முன்கையில் சுற்றிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். முன்கையில் எந்தக் கந்தலும் நிற்கும். நிற்காத இடத்தில் கட்டிப் பார்க்க வேண்டும். கையுறை எங்கே முடிகிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் என் மனதில் இருந்த இடம் அக்குள். அதனால் யார்டிலேயே பெரிய தோளைத் தேடிக் காதர் பாயைப் பிடித்தேன். டீக்கு வந்திருந்த பன் ஒன்றைக் காகிதத்தில் சுருட்டி அவர் அக்குளில் வைத்து, அதன்மேல் கட்டச் சொன்னேன். குட்டைக் கட்டு தோளைச் சுற்றி வருவதற்குள் தீர்ந்துபோயிற்று. நீளமானது தோளில் ஏறி, முதுகைக் கடந்து, எதிர் அக்குள் வழியாக மார்புக்கு வந்து, கொக்கியில் மாட்டி இறுகியது. காதர் பாயின் மூச்சு தடுமாறியது. பிரித்துப் பார்த்தால் பன் அப்பளமாகியிருந்தது.

"இன்னா சிஸ்டர், துன்ற பன்ன இப்டி பண்ணிட்டீங்க. இத இனிமே யாரு துன்றது?" என்றார் காதர் பாய். யார்டே சிரித்தது. நீளமானதை வாங்கினோம். இரண்டு பொட்டலம் எப்போதும் என் தோள்பையில் இருக்கும். அறைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுச் சாவி தேடுகிற வேலை எனக்குப் பிடிக்காது.

இனி யார்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து இறக்கும்போது காயில் எங்காவது மோதி ஓரம் மடங்கிவிட்டால், அந்தச் சரக்கை அப்படியே விட்டுவிட வேண்டும். முதலில் மேஸ்திரி வந்து பார்ப்பார். பிறகு சூப்பர்வைசர் வந்து பார்த்துப் படம் எடுப்பார். படம் முதலாளிக்குப் போகும். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் கை வைக்கலாம். பழி யார் தலையில் விழும் என்ற பயத்தில் பிறந்த வழக்கம். இரும்புக்கு அது சரி. காத்திருப்பதால் இரும்புக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் தகடெல்லாம் கொதித்தது. "சிஸ்டர்" என்று ஓர் அலறல் கேட்டது. அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது, இது விரல் நசுங்கிய விஷயம் இல்லை என்று. பையோடு ஓடினேன்.

தேசிங்கு ஒரு கட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது பக்கச் சட்டை முழுக்க ரத்தம், கீழே மண்ணிலும் ரத்தம். கையைத் தூக்கிப் பட்டையை வெட்டியிருக்கிறார், பட்டை வீசி அக்குளுக்குள் புகுந்துவிட்டது. அக்குளில் பனியன் வேஸ்டை, அதாவது மிஷின் துடைக்கிற பழைய துணியை, ஒரு கத்தையாக வைத்திருந்தார்கள். அதைப் பிடித்திருந்தவன் நன்றாகத்தான் அமுக்கியிருப்பான். ஆனால் காதர் பாய் வந்திருக்கிறார். "காட்டுடா, பாக்கறேன்" என்றிருக்கிறார். எடுத்துக் காட்டிவிட்டான். ரத்தம் பாயின் முகத்திலேயே அடித்திருக்கிறது. மறுபடி வைத்து அமுக்கியிருக்கிறார்கள். அடுத்து சூப்பர்வைசர். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு காலை மடக்கிக் குனிந்து, கைப்பேசியை நீட்டிக்கொண்டு, "தெளிவா வுழல, இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேஸ்ட் தூக்கப்பட்டிருந்தது. ரத்தம் துடித்துத் துடித்து வெளியே வந்துகொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "யோவ், போன கீழ வெய்யா! அவன் இன்னா மடங்கின தகடாய்யா?" என்று கத்தினேன். சூப்பர்வைசர் மூன்றடி பின்னால் போனார். கெட்டவர் இல்லை அவர். அடிபட்டதைப் பார்த்தால் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும் என்று கை பழகியிருந்தது, அந்தப் பழக்கத்தில் செய்தார். நமக்கும் அப்படி எத்தனையோ பழக்கம் இருக்கிறது.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப் போடுகிறவர் ஒரு தடவை பார்த்தாக வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே எதைச் சுற்றினாலும் அது அலங்காரம்தான். ஆனால் அந்த ஒரு தடவைக்குக் காஸ் துணியைப் பிரித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் திறக்க வேண்டும். தேசிங்கைப் படுக்க வைத்தேன். காஸை எடுத்துக்கொண்டேன். வேஸ்டை நீக்கினேன். அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, கையின் உள்பக்கம், ஆழமாகப் போயிருந்தது. கையின் நடுவிலோ தொடையின் நடுவிலோ இப்படி அடித்தால், யோசிக்காமல் காயத்துக்கு மேலே, ரத்த ஓட்டத்தையே நிறுத்துகிற டூர்னிகே பட்டையைப் போட்டு முறுக்கியிருப்பேன். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும், போட்ட நேரத்தையும் எழுத வேண்டும். இங்கே அதைப் போட மேலே இடமே இல்லை. விரலால் காஸைக் காயத்துக்குள், ரத்தம் வருகிற இடத்துக்கே திணித்தேன். நிறையும்வரை திணித்தேன். தேசிங்கு போட்ட சத்தத்தை எழுத மாட்டேன்.

"பாய், இங்க கைய வெய்ங்க. உங்க வெயிட்ட மொத்தமா போடுங்க."

காதர் பாய் மண்டியிட்டார். முகத்தில் தெறித்த ரத்தத்தைக்கூடத் துடைக்கவில்லை. கையை வைத்தார். உடனே கொஞ்சம் தூக்கி எட்டிப் பார்க்கப் போனார், நின்றுவிட்டதா என்று.

"கைய எடுக்காத!"

அதுவரைக்கும் அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கை அப்படியே அமர்ந்தது. அதன் கீழே பேண்டேஜின் மெத்தையை நுழைத்தேன், கை மெத்தைமேல் ஏறிக்கொண்டது. பட்டையைத் தோளில் ஏற்றி, முதுகு வழியாக எதிர் அக்குளுக்குக் கொண்டுவந்து, கொக்கியில் மாட்டி இழுத்தேன். நீளம் சரியாக இருந்தது. பன் வைத்துப் பார்த்த அன்றே என் கைகள் அந்த வழியை ஒரு தடவை போய் வந்திருந்தன.

தேசிங்கு கண்ணைத் திறந்தார். "சிஸ்டர்... அந்த பன்னு மாரி நசுக்கிகினு கீற" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. எங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியுமே, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் சைக்கிள்கூட நுழைய முடியாது. வரிசைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று டிரைவர் போனில் சொன்னார். உடனே ஆட்கள் தேசிங்கின் காலையும் தோளையும் பிடித்துவிட்டார்கள். "குட்டியானைல தூக்கிப் போடு நைனா, ஆஸ்பத்திரில பாத்துக்கலாம்" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். குட்டியானை என்றால் யார்டின் சின்ன லாரி.

வேண்டாம் என்றேன். என் வேலைக் காலத்தில் நான் சொன்னதிலேயே கஷ்டமான வார்த்தை அது. எல்லோருக்கும் ஓட வேண்டும் போலிருந்தது. ஓடுவது ஏதோ செய்கிற மாதிரி இருக்கும், உட்கார்ந்திருப்பது சாக விடுகிற மாதிரி இருக்கும். ஆனால் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் குண்டு குழி ரோட்டில் ஏற்றினால், போய்ச் சேரும்போது உள்ளே மிச்சம் இருக்காது. முதலில் நிற்கட்டும், பிறகு போகலாம் என்றேன். நான் சொன்னது தப்பாகப் போயிருந்தால் அந்த யார்டில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார், தேசிங்கின் பெண்சாதி முகத்தை நான் பார்த்திருக்க முடியாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

அப்போது வெள்ளைப் பட்டையில் சிவப்பு தெரிந்தது. முதலில் ஒரு பொட்டு, பிறகு உள்ளங்கை அகலம்.

"நிக்கல சிஸ்டர்." "கட்டு சரியில்ல." "பிரிச்சிட்டு வேற போடு." "ஒருதபா தொறந்து பாரு சிஸ்டர்." எல்லாக் குரலும் சேர்ந்து வந்தது. காதர் பாயின் கண்ணும் என்னைத்தான் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே திறந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. திணித்த காஸ் இடம் மாறிவிட்டதா, வேறு இடத்தில் வெட்டு இருக்கிறதா என்று ஒரு கணத்தில் எத்தனையோ வந்து போனது. திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். திறந்தால், உறையத் தொடங்கியிருக்கிற ரத்தமும் துணியோடு பிய்ந்து வந்துவிடும்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கூட்டத்தைப் பார்க்காதே என்று சொல்லி நிறுத்த முடியாது. பார்க்க வேண்டும் என்பது கெட்ட ஆசை இல்லை. நம்மவனுக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் நிற்பது யாருக்கும் தாங்காது, எனக்கும் தாங்கவில்லை. பார்க்கிறதுக்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டும்.

"நம்பர் எழுதுற மார்க்கர் குடு" என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். காயிலில் நம்பர் எழுதுகிற தடித்த பெயின்ட் மார்க்கர் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். வாங்கி, ரத்தக் கறையின் ஓரத்தையே பிடித்துக் கட்டின்மேல் வளையமாகக் கோடு போட்டேன்.

"எல்லாரும் இந்தக் கோட்டப் பாருங்க. கறை கோட்டத் தாண்டினா ரத்தம் இன்னும் வருதுன்னு அர்த்தம். தாண்டலன்னா நின்னுகினு இருக்குன்னு அர்த்தம். தாண்டினா எனக்குச் சொல்லுங்க."

கத்திக்கொண்டிருந்தவர்கள் குனிந்தார்கள். சத்தம் நின்றுபோயிற்று. அத்தனை கண்ணும் அந்தக் கோட்டில் இருந்தது.

"தாண்டுது சிஸ்டர்" என்றார் சூப்பர்வைசர். அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது.

தாண்டியது. எனக்கும் தெரிந்தது. முதல் கட்டைத் தொடாமல் அதன் மேலேயே இரண்டாவதைப் போட்டேன். கொக்கியை வெட்டுக்கு நேராகக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, என் முழங்காலை ஊன்றி இழுத்தேன். காதர் பாயைத் தன் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து மொத்த உடம்பையும் போடச் சொன்னேன்.

"லூசு பண்ணு சிஸ்டர், கை மரத்துப் பூட்சு" என்று தேசிங்கு முனகினார். விரல்கள் வெளுத்திருந்தன. பார்த்தேன். ஆனாலும் தளர்த்தவில்லை. விரலா உயிரா என்று வரும்போது உயிர்தான். அடிபட்டவர் கெஞ்சும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது லேசு இல்லை.

புதுக் கட்டிலும் பாயின் கை ஓரத்தில் கறை வந்தது, பொட்டு அளவுக்கு. அதைச் சுற்றி மறுபடி கோடு போட்டேன். காத்திருந்தோம். கிரேனை யாரோ நிறுத்திவிட்டார்கள். யார்டு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தேசிங்கின் உதடு காய்ந்திருந்தது, ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்தார்.

"தாண்டல" என்றார் சூப்பர்வைசர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "தாண்டல சிஸ்டர்."

இப்போது தூக்குங்கள் என்றேன்.

அட்டைகளை விரித்துக் குட்டியானையில் படுக்க வைத்தோம். காதர் பாய் அமுக்கிய கையை எடுக்காமலே ஏறினார். வண்டி கேட்டை நெருங்கும்போது எதிரே முதலாளியின் கார் வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சேதி கேட்டுப் பதறி ஓடி வந்திருக்கிறார். இறங்கி வந்தவர் கையில் கைப்பேசி, அதில் ஒரு முகம்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். தெரிஞ்ச டாக்டர் லைன்ல இருக்காரு. காயம் எவ்வளவு ஆழம்னு கேக்குறாரு. கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க, வீடியோல பாத்துட்டு எங்க கொண்டு போகணும்னு சொல்லிடுவாரு."

அக்கறையில்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை. கோபமாகக் கேட்கிறவரிடம் கத்திவிடலாம், அக்கறையாகக் கேட்கிறவரிடம் என்ன சொல்வது? சம்பளம் கொடுக்கிறவர், பக்கத்தில் ஒரு டாக்டர் வேறு. எனக்கு முன்னால் காதர் பாய் பேசினார்.

"பிரிக்க முடியாது முதலாளி."

முதலாளி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த வாயிலிருந்து முடியாது என்ற வார்த்தை அந்தக் குடும்பத்துக்கு எதிராக வந்து அவர் கேட்டதே இல்லை.

"நான் ஒருதபா தொறந்து பாத்தேன். அது போதும். உங்களுக்குப் பாக்கணும்னா இந்தக் கோட்டப் பாருங்க. ரத்தம் கோட்டத் தாண்டல. டாக்டர்கிட்ட அதச் சொல்லுங்க. கார எடுத்துட்டு வழி வுடுங்க."

முதலாளி கோட்டைப் பார்த்தார். கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காரில் ஏறியவர் வழி விட்டதோடு நிற்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், ராங் சைடில் எங்களுக்கு முன்னால் போனார். கன்டெய்னர் வண்டி டிரைவர்கள் இறங்கி வந்து ஒதுக்கிக் கொடுத்தார்கள். வரிசைக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. உள்ளே திணித்திருக்கிறது, மேலே இரண்டு கட்டு, கறை தாண்டவில்லை என்று ஆம்புலன்ஸ் தம்பியிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார், கட்டில் கை வைக்கவில்லை. காதர் பாய் அமுக்கிய கையோடே அதிலும் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ரத்தமும் ஆட்களும் தயாராக வைத்துக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்த்தான் கட்டைத் திறந்தார்கள். திறக்க வேண்டிய இடம் அதுதான். தியேட்டர் வாசலில் காதர் பாயின் கையை நான் ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டியிருந்தது, மரத்து இறுகிப் போயிருந்தது. கதவு மூடியதும் அவர் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "நான் தொறக்காம இருந்திருந்தா..." என்றார். நீங்க கை வெச்சதாலதான் இவ்வளவு தூரம் வந்தார் பாய் என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ.

தேசிங்கு பிழைத்துக்கொண்டார். சுண்டு விரலிலும் அதற்குப் பக்கத்து விரலிலும் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. நான் இறுக்கியதாலா என்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன். இரும்புப் பட்டை நரம்பையும் வெட்டியிருக்கிறது, உங்கள் கட்டால் இல்லை என்றார். நம்பினேன். இருந்தாலும் அந்த இரண்டு விரலைப் பார்க்கும்போதெல்லாம் மனது கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

பிறகு யார்டில் ஆளுக்கு அடிபட்டால் படம் எடுப்பது நின்றுபோயிற்று. யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை. சூப்பர்வைசரே தன் மார்க்கர்களில் ஒன்றைக் கொண்டுவந்து என் தோள்பையில், கட்டுப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் செருகிவிட்டுப் போனார். உங்கள் பையில் என்ன வைக்கலாம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: வழுக்கும் கையாலும் பிரிக்க முடிகிற, பெரிய தோளையும் சுற்றி வருகிற நீளமான கட்டு இரண்டு, திணிக்கக் காஸ், டூர்னிகே ஒன்று, ஒரு மார்க்கர். மற்றபடி உங்கள் குரலை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

தேசிங்கு உடம்பு தேறி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பட்டை வெட்டும் வேலை வேண்டாம் என்று கேட்டில் எடை போடும் இடத்தில் போட்டிருந்தார்கள். எல்லோரும் சூழ்ந்துகொண்டு தையலைக் காட்டச் சொன்னார்கள். அவருக்கும் காட்டப் பெருமைதான். பட்டனைக் கழற்றிக்கொண்டே, "மேஸ்திரி, அன்னிக்கு எல்லாரும் பாக்கணும் பாக்கணும்னு துட்ச்சீங்க. இன்னா, இப்ப வந்து நல்லா பாரு" என்றார்.

காதர் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பார்க்கவில்லை. கழற்றப் போன சட்டையை இழுத்து மூடி, அதன் மேலேயே அக்குளுக்குக் கீழே, அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னா மேஸ்திரி, இன்னும் அமுக்கிகினே கீற?" என்று சிரித்தார் தேசிங்கு.

"சும்மா இருடா" என்றார் காதர் பாய். கையை எடுக்கவில்லை.